வாய் திறந்தும் கத்தாத படை

குரல்களைக் கோத்தவரே! கூச்சலுக்கு நடுவிலும் குறிப்பைத் தேடியவரே! அடுத்தவர் வாயசைவுக்கு அளந்து அளந்து சொல் கொடுத்துவிட்டு, தன் சொல்லை மட்டும் சிக்கனமாகச் செலவழித்தவரே! எங்கள் அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய உஸ்தாத் மெஹ்ரங்கீஸ் தவானா அவர்களே! ஒலிக்கூடத்தார் அனைவரும் எழுந்து நின்று வணங்கி, இந்த மடலை வாசித்து அளிக்கிறோம்.

இன்று நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். பூங்கொத்து வந்துவிட்டது. குங்குமப்பூப் பாயசம் வந்துவிட்டது. தெஹ்ரானின் வண்டி நெரிசலில் சிக்கியவர்கள்கூட ஒருவழியாக வந்துவிட்டார்கள். சுவரெல்லாம் கம்பளம் அறைந்த இந்தக் கீழ்த்தளத்தில் உங்களைப் புகழப் போகிறோம். புகழ்ச்சி உங்களுக்குப் பிடிக்காது. "யாரு சொன்னா? எங்க நின்னு பார்த்தாங்க?" என்று கேட்பீர்கள். ஆகவே நாங்கள் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறோம்.

முப்பத்தோர் ஆண்டுகள் இங்கே டப்பிங் இயக்குநராக இருந்தீர்கள். காதல் படம், காவல்துறைப் படம், குழந்தைகளுக்கான பொம்மைப் படம் என்று எத்தனையோ உங்கள் கையால் பாரசீகம் பேசின. ஆனால் வெளிநாட்டார் எடுத்த கிரேக்க-பாரசீகப் போர்ப் படம் வரும் நாளில் உங்கள் முகமே வேறு. திரையில் நம் முன்னோர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வருவார்கள். இடுப்புக்கு மேலே துணி இருக்காது. பின்னால் ஒரு காண்டாமிருகம் நடந்து வரும்.

"கால்சட்டை போட்ட பசங்கன்னு கிரேக்கர்களே நம்மளக் கிண்டல் பண்ணியிருக்காங்க. இங்க பாரு, தொடையெல்லாம் தெரியுது" என்பீர்கள். அறையே சிரிக்கும். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். "படம் அவங்க எடுத்தது. அதைத் தொட முடியாது. காது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. அதையாவது ஒழுங்கா செய்வோம்."

இதை வெறும் நாட்டுப்பற்று என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பிளாட்டையா போரைப் பற்றிய ஒரு படம் வந்தபோது, பெரிய இடத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தார். பாரசீகப் படை வரிசை குலைந்து கத்திக்கொண்டு எதிரியைத் துரத்தி ஓடும் காட்சியில் கத்தலை எடுத்துவிட்டு, கம்பீரமான முரசு ஒலி வைக்கச் சொன்னார். நீங்கள் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "அந்தப் போர்ல வரிசை இல்லாம, கூச்சலோட ஓடினாங்கன்னு பழைய கிரேக்கர் ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். அதை மறுக்கறதுக்கு நம்மகிட்ட சாட்சி இல்ல. எனக்கும் பிடிக்கலதான். எனக்குப் பிடிக்காததெல்லாம் நடக்காமலா போச்சு?"

கத்தல் இருந்தது. அதைக் கத்தியவர் கோபாத்.

கோபாத் எங்கள் கூட்டக் குரல் குழுவின் தலைவர். சந்தை இரைச்சல், கல்யாண வீடு, கலவரம், போர் எதுவானாலும் அவரும் அவருடைய ஆட்களும் மைக்கைச் சுற்றி நின்று செய்துவிடுவார்கள். அவர் ஒருவரே நூறு பேராக ஒலிப்பார். அதிலும் பாரசீகப் படையின் கத்தல் அவருடைய சொத்து. அடிவயிற்றில் உறுமலாகத் தொடங்கி, தொண்டையில் கிழிந்து, ஓநாய்க் கூட்டம் போல முடியும். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். "சித்தப்பா, ஒரே ஒரு தடவ! அந்தப் படைக் கத்தல்!" அவர் கத்துவார். குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடிப்போய், மறுபடி வருவார்கள்.

அந்தக் கத்தலுக்கு நீங்கள் வைத்த சோதனையைத்தான் இந்த மடலில் சொல்ல வருகிறோம். கோபாத் எங்களிடம் பலமுறை சொல்லிய கதை இது. அவர் பார்த்தபடியே சொல்கிறோம்.

ஆறு கோடைகளுக்கு முன் ஒரு படம் வந்தது. பாரசீக அரியணைக்காக அண்ணனும் தம்பியும் மோதிய போர். தம்பிக்காகக் கூலிக்கு வந்த கிரேக்க வீரர்கள்தான் கதாநாயகர்கள். அனுப்பியவர்கள் பேச்சையும் சண்டைச் சத்தத்தையும் ஒரே டிராக்கில் கலந்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மொழியை எடுத்தால் வாள் சத்தமும் சேர்ந்தே போய்விடும். ஆக, முழுப் போருக்கும் நாம்தான் புதிதாக ஓசை கட்ட வேண்டும்.

விநியோகஸ்தர் ஜனாப் தாவர்பனா தொலைபேசியில் பேசினார். மரியாதை தெரிந்த மனிதர். நம் ஊரில் மரியாதை எப்படிப் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. "உஸ்தாத், இந்தப் படம் உங்க காலடித் தூசுக்குச் சமம் இல்ல. இது உங்க படம். உங்க மனசுபோல எப்படி வேணும்னாலும் செய்யுங்க, நான் யாரு கேட்க?"

"நல்லது, அப்படியே செய்யறேன்" என்று சொல்லி தொலைபேசியை வைத்தீர்கள். எங்களில் யாரும் அப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. மூன்று முறை மறுத்துவிட்டு, 'இல்லை ஜனாப், நீங்கள் சொல்கிறபடி' என்றல்லவா சொல்ல வேண்டும்! கோபாத் சிரித்துவிட்டார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஒலிப்பதிவு நாளன்று மதியம் கோபாத் சீமைமாதுளை விதை ஊறிய நீரைக் குடித்துத் தொண்டையைப் பதப்படுத்திக்கொண்டிருந்தார். நீங்கள் உள்ளே வந்து, கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றி வெளியே வைத்தீர்கள்.

"கோபாத் ஜான், இன்னிக்குக் கத்தல் கிடையாது" என்றீர்கள், செல்லமாக 'ஜான்' சேர்த்து.

"ஏன், தொண்டைக்கு விடுமுறையா உஸ்தாத்?"

"அந்தப் போர்ல நம்ம ஆளுங்க கத்தல. எதிர்ப்பக்கம் நின்ன ஒரு கிரேக்கர் எழுதியிருக்கார். கூச்சல் போட்டுக்கிட்டு வருவாங்க, அதை மட்டும் தாங்கிக்கிட்டா போதும்னு அந்தத் தம்பி இளவரசர் அவங்களுக்குத் தைரியம் சொல்லியிருந்தார். ஆனா கூச்சலே வரல. முடிஞ்ச அளவு மௌனமா, மெதுவா, சமமா நடந்து வந்தாங்க. கத்தினது கிரேக்கர்கள்தான்."

கோபாத் திரையைப் பார்த்தார். அதில் பாரசீக வீரர்கள் ஆயிரக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"வாய் திறந்திருக்கே உஸ்தாத்! திறந்த வாய்க்குக் குரல் குடுக்காம விடக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"ஆமா. இன்னிக்கு அதை மீறப் போறோம்."

"சத்தமில்லாம வாயைத் திறந்தா அதுக்குப் பேரு கொட்டாவி."

"கொட்டாவி மாதிரி இருந்தா ஜனங்க சிரிப்பாங்க. சிரிச்சா நான் தோத்தேன்."

"உங்களுக்காக உசுரையே குடுப்பேன். ஆனா தொண்டையைக் கேக்கறீங்களே!" என்றார் கோபாத். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளுக்குள் சுட்டது. அவருடைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கதவருகே நின்றார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கத்தலால். படைகள் கத்தாமல் வரத் தொடங்கினால் கூட்டக் குரல் எதற்கு?

நீளமான தட்டுகளில் மணல் பரப்பச் சொன்னீர்கள். எல்லோருக்கும் பருத்தி நூலில் பின்னிய காலணி கொடுத்தீர்கள். சத்தம் போடுகிறதென்று குளிரூட்டியை நிறுத்தினோம். வெளியே தார் உருகும் வெயில். கீழ்த்தளத்தில் காற்று நின்றுபோனது.

"அவங்க வாயைத் திறக்கும்போது நீங்களும் திறங்க. மூச்சு மட்டும் வெளிய வரட்டும். கால் அங்கேயே, மெதுவா, சமமா."

"குரல் இல்லன்னா வாய் எதுக்கு உஸ்தாத்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"மூடின வாயோட மௌனம் வேற, திறந்த வாயோட மௌனம் வேற. உனக்குத் தெரியாட்டியும் மைக்குக்குத் தெரியும்."

முதல் தடவை யாரோ ஒருவரின் வயிறு கடமுடவென்றது. எல்லோரும் சிரித்துக் கெடுத்தார்கள். அடுத்த தடவை யாரும் சிரிக்கவில்லை. கோபாத் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தல் எழுந்து வந்து தொண்டையில் நின்றது. வெளியே விடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கனவில் கத்தப் பார்த்துக் குரல் வராமல் தவிப்பது போல இருந்தது. பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். வருடக்கணக்காக உடன் சாப்பிட்ட முகம். வாய் பிளந்து, கண் நிலைத்து, மெதுவாகக் கால் மாற்றிக்கொண்டிருந்தது. யாரென்று ஒரு கணம் அவருக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அவர் பக்கவாட்டில் பார்க்கவே இல்லை.

பதிவு முடிந்ததும் பரஸ்தூ அதைத் திரும்ப ஓடவிட்டாள். இயற்பியல் படித்துவிட்டு எங்கள் ஒலிக்கலவை மேசைக்கு வந்தவள் அவள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூச்சு. பிறகு மணலில் கால்கள். வெகுதூரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல், கிட்டே வந்துகொண்டிருந்தன.

"நாம நின்ன இடத்துலதானே நடந்தோம்?" என்றார் கோபாத்.

பரஸ்தூ மைக்கைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். குமிழ்களைப் பார்த்தாள். "எதுவும் நகரல. சத்தம் மட்டும் வருது."

குழுவில் மூத்தவர் சட்டென்று பிஸ்மில்லா சொன்னார். "இது நம்மளவிட மேலானவங்க வேலை" என்று முணுமுணுத்தார். ஜின் என்று பெயர் சொல்லி அழைக்கப் பயந்தவர்கள் அப்படித்தான் சொல்வது.

நீங்கள் அவரை முறைத்தீர்கள். "மேலானவங்களை யாரு பார்த்தா? ஒரே தாளத்துல கூட்டமா நடந்தா கால் தன்னால அழுந்தும். மிதிபட்டு மிதிபட்டு மணலும் இறுகியிருக்கும். அதான் சத்தம் ஏறுது."

கோபாத் குனிந்து தட்டில் கை வைத்தார். "மணல் இறுகல உஸ்தாத். மாவு மாதிரி இருக்கு."

நீங்களும் குனிந்து தொட்டுப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டீர்கள். "அப்போ தெரியல. தெரியலன்னே சொல்லுங்க. இல்லாததைச் சேர்க்காதீங்க" என்றீர்கள்.

உஸ்தாத், உங்களிடம் நாங்கள் கற்றதில் பெரியது அதுதான். அன்று மாலை யாரும் தனியாக அந்த அறைக்குள் போகவில்லை என்பதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறோம்.

ஜனாப் தாவர்பனா வந்து பார்த்தார். புழுதி எழுந்தது. சமவெளியில் கருமை பரவியது. ஆயிரம் வாய்கள் திறந்தன. ஒன்றும் கேட்கவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உஸ்தாத், உங்க நிழல் எங்க தலைமேல எப்பவும் இருக்கணும். ஆனா இது... சவுண்டு போன படம் மாதிரி இருக்கே."

"எப்படி வேணும்னாலும் செய்யுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஐயோ, அது மரியாதைக்குச் சொன்னது!"

"மரியாதைக்குன்னு அப்பவே சொல்லியிருக்கணும் ஜனாப். போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. கோபாத் கேட்டார், பரஸ்தூ கேட்டா."

ஒரு மனிதரின் மரியாதைப் பேச்சை இப்படி வாக்குமூலமாக எடுத்துக்கொண்டவர் இந்த நகரத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அவர் முகம் சிவந்தது. ஆள் நல்லவர், ஆனால் பயந்திருந்தார். இந்தப் படம் விழுந்தால் அடுத்த படம் இந்தக் கூடத்துக்கு வராது என்றார். அது மிரட்டல் இல்லை, உண்மை.

அப்போது நீங்கள் உங்கள் பணியையே பந்தயமாக வைத்தீர்கள். "வெள்ளிக்கிழமை காலையில ஒரு காட்சி போட்டுப் பாருங்க, இலவசமா. ஜனங்க சவுண்டு எங்கன்னு கத்தினா உடனே கோபாத்தோட கத்தலுக்கு மாத்திடலாம். அப்படி மாத்தின படமே ஊரெல்லாம் போகட்டும். என் பேரை எடுத்துடுங்க. நானும் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடறேன்."

"மாத்தற பொத்தான்கிட்ட யாரு நிக்கறது?" என்றார் அவர். "என் மருமகன் ஒருத்தன்..."

"கோபாத் நிக்கட்டும்."

கோபாத் தலையை நிமிர்த்தினார். விநியோகஸ்தருக்கே அது பொறுக்கவில்லை. "உஸ்தாத், அந்தக் கத்தல் அவரோட சோறு. அவரைப் போயா நிக்க வெப்பீங்க?"

"அதனாலதான். அந்தக் கத்தலோட அருமை தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

அன்று மாலையே மாற்று டிராக்குக்காகக் கோபாத் கத்திக் கொடுத்தார். உங்கள்மேல் இருந்த கோபத்தையெல்லாம் அதில் போட்டார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த கத்தல் அது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "பிரமாதம்" என்றீர்கள். நீங்கள் மரியாதைக்குப் பேசுகிறவர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது.

தெற்குத் தெஹ்ரானில் ஒரு பழைய திரையரங்கு. வெள்ளிக்கிழமை, வார விடுமுறை என்பதால் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். விடுப்பில் வந்த சிப்பாய்கள் கடைசி வரிசைகளைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோர் மடியிலும் தர்பூசணி விதைப் பொட்டலம். விளக்கு அணைவதற்கு முன்பே அரங்கு முழுக்க விதை கொறிக்கும் சத்தம், கூரைமேல் மழை விழுவது போல.

மேலே படமோட்டும் அறையில் பரஸ்தூ இரண்டு டிராக்கையும் ஒன்றாக ஓடவிட்டிருந்தாள். நடுவே ஒரு பொத்தான். அதன்மேல் கோபாத்தின் விரல். சின்ன ஜன்னல் வழியாக அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் தலைத்துணியின் பழுப்பு நிறம் மட்டும் அவருக்குத் தெரிந்தது.

திரையில் பிற்பகல். தொலைவில் வெள்ளையாகப் புழுதி.

"வந்துட்டாங்கடா, நம்ம மாமனார் வீட்டு ஆளுங்க!" என்று ஒரு சிப்பாய் குரல் கொடுத்தான். சிரிப்பு பரவியது. கோபாத்துக்குத் தெம்பு வந்தது. ஜனங்கள் அவர் பக்கம்தான்.

புழுதி இறங்கியது. சமவெளி கறுத்தது. வாய்கள் திறந்தன.

ஒன்றுமில்லை. மணல்மேல் கால்கள், மூச்சு.

"சவுண்டு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு சீழ்க்கை பறந்தது. "டேய், சவுண்டு எங்கடா?"

பேசி வைத்தபடி பார்த்தால் அதுவே போதும். பொத்தானை அமுக்கலாம். அமுக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. நீங்களே சொல்ல மாட்டீர்கள். பரஸ்தூ அவர் விரலையே பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் கோபாத்துக்கு ஏதோ ஒன்று குறைவது போலத் தோன்றியது. அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முன் வரிசையில் விதை கொறிக்கும் சத்தம் நின்றிருந்தது. பிறகு அதற்குப் பின் வரிசையில் நின்றது. பிறகு அடுத்தது. திரையிலிருந்து இறங்கிய ஏதோ ஒன்று வரிசை வரிசையாக அவர்களைக் கடந்து பின்னால் போய்க்கொண்டிருப்பது போல மழை ஓய்ந்துகொண்டே வந்தது. சிப்பாய்களின் வரிசையை எட்டியதும் சீழ்க்கையும் நின்றது. சாய்ந்து உட்கார்ந்த தலை ஒன்றுகூட இல்லை. கைகள் பாதி வழியில், வாய்க்கு முன்னால், விதையோடு அப்படியே நின்றன.

திரையில் ஒரு கிரேக்க வீரனின் முகம் வந்தது. படப்பிடிப்பில் அந்த நடிகனின் காதில் எத்தனை இரைச்சல் விழுந்ததோ தெரியாது. இப்போது அவன் எதையோ கேட்க முயன்று, கேட்காமல், அதற்காகவே பயப்படுகிறவனாகத் தெரிந்தான். அவனை நோக்கி அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மெதுவாக, சமமாக. எப்போதோ செத்து மண்ணாகிப் போனவர்கள். வாயைத் திறந்து எதையோ சொல்கிறார்கள். ஒரு சொல்கூட இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

கோபாத் தன் கத்தலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். இப்போது அதைப் போட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஜனங்கள் மூச்சு விடுவார்கள். 'அட, இவ்வளவுதானா' என்று சாய்ந்து உட்கார்வார்கள். மறுபடி விதை கொறிப்பார்கள். இத்தனை வருடமும் அந்தக் கத்தல் யாரையும் பயமுறுத்தவே இல்லை. பார்க்க வந்தவர்களுக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தன் வாய் திறந்திருப்பதை அப்போதுதான் அவர் உணர்ந்தார். எப்போது திறந்ததென்று தெரியவில்லை. தொண்டையில் சத்தம் இல்லை.

"கோபாத் ஐயா?" என்றாள் பரஸ்தூ, மிக மெல்ல.

அவர் விரலை எடுத்து, கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். "வேண்டாம். அவங்க போகட்டும். வழி விடு" என்றார். யாருக்கு வழி விடச் சொன்னார் என்று பரஸ்தூ கேட்கவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது டிக்கெட் கிழிப்பவர் கதவருகே வெளிறிப் போய் நின்றார். "உள்ள என்ன ஆச்சு? போர் நடக்கும்போது எவ்வளவு பெரிய கூச்சல்! கதவே அதிர்ந்துச்சே" என்றார் கோபாத்திடம்.

நீங்கள் முன்னால் வந்தீர்கள். "நீங்க எங்க நின்னீங்க?"

"இங்கதான் அம்மா. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்."

"உள்ள எட்டிப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா. பார்க்கத் தோணல."

நீங்கள் தலையசைத்தீர்கள். எங்கள் பக்கம் திரும்பி, "அவர் சொன்னார்னு வெச்சுக்கங்க. நடந்ததுன்னு வெச்சுக்காதீங்க" என்றீர்கள். அப்படியே வைத்திருக்கிறோம். அவர் சொன்னார். அவர் நின்றது கதவுக்கு வெளியே. அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

ஜனாப் தாவர்பனா கடைசியாக வந்தார். காலடித் தூசு, தலைமேல் நிழல் எதுவும் சொல்லவில்லை. "இருக்கட்டும்" என்றார். அவரிடமிருந்து நாங்கள் கேட்ட, அலங்காரம் இல்லாத முதல் சொல் அது. படம் அப்படியே ஊரெல்லாம் போனது. உங்கள் பெயரும் அதோடு சேர்ந்தே ஊரெல்லாம் போனது. உங்களோடு நாங்களும் பிழைத்தோம்.

மாற்று டிராக்கை அழித்துவிடட்டுமா என்று கோபாத் கேட்டபோது, "அழிக்காதீங்க. தப்பா இருந்தாலும் நாம செஞ்சது. அதுவும் நடந்ததுதானே?" என்றீர்கள். பிறகு அவருக்குப் புது வேலை கொடுத்தீர்கள். ஒரு கூட்டம் வந்தால் யார் கத்த வேண்டும், யார் கத்தக் கூடாது என்று முடிவு செய்வது இன்றுவரை அவர்தான். அவருடைய ஆட்கள் யாரும் வெளியே போகவில்லை. கத்துவதைவிட மௌனமாக நிற்பதற்கு அதிகம் பேர் வேண்டியிருக்கிறது என்று எங்களுக்கும் தெரிந்துவிட்டது.

ஆதாரத்துக்கு அஞ்சியவரே! ஆள்பவர் சொன்னாலும் ஆராயாமல் ஏற்காதவரே! தனக்குப் பாதகமான சாட்சியையும் தட்டில் வைத்துக் கொடுத்தவரே! எதிரியின் கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டு நடு வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவரே! உங்களை நாங்கள் நிறையத் திட்டியிருக்கிறோம். தேநீர் ஆறிப்போகும் வரை ஒரு வாளின் ஒலிக்காக எங்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இனி அப்படி யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று நினைத்தால் சந்தோஷமாக இல்லை.

உங்கள் கண்ணும் காதும் நீண்ட காலம் தெளிவாக இருக்கட்டும். முழங்கால் வலி குறையட்டும். மலையடிவாரத்து வீட்டில் மாதுளை நன்றாகக் காய்க்கட்டும். நூறு வயது வாழ்ந்து, தொலைக்காட்சியில் வரும் ஒவ்வொரு போர்ப் படத்தையும் நீங்கள் திட்ட வேண்டும், அதை எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லவும் வேண்டும்.

இந்த மடல் முடிந்ததும் கைதட்டுவோம், உஸ்தாத். சீழ்க்கை அடிப்போம். கோபாத் தன் முழுத் தொண்டையில் கத்தப் போகிறார், தடுக்காதீர்கள். மௌனமாக வந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உங்களுக்காக நாங்கள் சத்தம் போட்டோம் என்று நாளை யாராவது எழுதினால், எங்கே நின்று கேட்டாய் என்று அவர்களைக் கேளுங்கள்.

இந்த அறையில், உங்களுக்கு நேர் எதிரே நின்றபடி,

கோபாத், பரஸ்தூ,
கூட்டக் குரல் குழுவினர்,
ஒலிக்கூடத்தின் ஊழியர் அனைவரும்